மறுபக்கம் இரண்டு இழுப்பு

2024 நவம்பர் 9 — 9,000 கியாட்
2024 நவம்பர் 16 — 9,000 கியாட்
2024 நவம்பர் 30 — 9,500 கியாட்
2024 நவம்பர் 30 — 9,500 கியாட், திரும்ப வந்தது

இவை ஐஸ் வாங்கிய செலவு. மூன்று சனிக்கிழமை, மூன்று பாளம். ஒவ்வொன்றும் பதினோரு அங்குலக் கனம். யாங்கோனின் இன்சீன் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர்கள் வாங்கும் அதே ஐஸ்தான். நாங்கள் அதில் மீன் வைக்கவில்லை, துளை போட்டோம். எதற்காகப் போட்டோம் என்பதையும், போட்ட சாந்தகுமாரியைப் பற்றியும் பார்த்தபடியே எழுதிவைக்கிறேன்.

சாந்தகுமாரி 1977இல் இன்சீன் ரயில்வே குடியிருப்பில் பிறந்தவள். அவள் அப்பா பொன்னுத்துரை ரயில் பட்டறையில் கருவி தீட்டும் பிரிவில் இருந்தார். அதே பட்டறையின் கருவி அறையில் நான் முப்பத்தெட்டு வருஷம் பதிவேடு எழுதினேன். ஐந்தாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. தாய் இறந்தபோது தம்பி முரளிதரனுக்கு நான்கு வயது, அவனை வளர்த்தது இவள்தான். பிறகு ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் தொழிற்சாலையில் நூல் வெட்டும் கத்தரிகளைத் தீட்டும் வேலை, பதினோரு வருஷம், நாளைக்கு அறுநூறு கத்தரி. 2012இலிருந்து மார்க்கெட்டின் வடக்கு வாசலில் சொந்தக் கடை. ஒரு மிதி சாணை, நான்கு கற்கள், ஒரு வாளித் தண்ணீர், வருகிறவர்கள் உட்கார இரண்டு பிளாஸ்டிக் முக்காலி. அவற்றில் ஒன்றில் காலை எட்டு மணி முதல் பத்து மணி வரை நான் இருப்பேன்.

அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததைச் சொன்னால் மிகை என்பார்கள், அதனால் எண்ணிக்கையோடு சொல்கிறேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கத்தியின் வாயைக் கட்டைவிரல் நகத்தின் மேல் ஓடவிடுவாள். "பிடியிலிருந்து ரெண்டு விரல் தள்ளி ஒரு பல் உடைஞ்சிருக்கு" என்பாள். என்னிடம் பட்டறைக் காலத்து பூதக்கண்ணாடி ஒன்று உண்டு. முப்பத்தொரு முறை வாங்கிப் பார்த்தேன். முப்பத்தொரு முறையும் சொன்ன இடத்தில் சொன்னபடி இருந்தது. மயிரிழையில் பாதிகூட இல்லாத ஒரு குறையை நகம் எப்படி அறியும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இந்த மார்க்கெட்டில் ஒரு வழக்கம் உண்டு. கத்தியைத் தீட்டி முடித்ததும் திருப்பிப் போட்டு, சற்றுத் தூக்கிப் பிடித்து, மறுபக்கம் இரண்டு இழுப்பு இழுக்க வேண்டும். ஒரு பக்கம் தீட்டும்போது அடுத்த பக்கத்தில் ஒதுங்குகிற பிசிறு அதில் போய்விடும். மீன்காரிகளும் பாக்கு வெட்டுகிறவர்களும் அந்த இரண்டையும் கண்ணால் பார்த்தால்தான் காசு எடுப்பார்கள். சாந்தகுமாரியின் கை அதைக் கேட்காமலே செய்யும், மூச்சு விடுவது போல.

முரளிதரன் ஆறு வருஷமாகப் பின்லாந்தில் இருக்கிறான். வயதானவர்களை வீட்டில் இருந்து பார்த்துக்கொள்ளும் வேலை. அவன் பார்த்துக்கொள்ளும் ஐலா என்ற அம்மாளுக்கு எண்பத்து நான்கு வயது. வீடு ஓர் ஏரிக்கரையில். குளிர்காலத்தில் அந்த ஏரி முழுவதும் உறைந்துவிடும். அதன் மேல் நடந்து போய், ஒரு துறப்பணத்தால் ஐஸில் துளை போட்டு, துளைக்குள் தூண்டில் விட்டு மீன் பிடிப்பார்கள். நம் தச்சர்களின் துறப்பணம் போலத்தான் அதுவும், ஆனால் நெஞ்சு உயரம் இருக்கும். மேலே சுற்றுகிற பிடி, கீழே இரண்டு அலகுகள். அந்த அலகுகள்தான் ஐஸை வெட்டும்.

ஐலா அம்மாளின் துறப்பணத்தில் அலகுகள் மழுங்கியிருந்தன. முரளிதரன் உதவி செய்வதாக நினைத்து அவற்றைக் கழற்றி மின்சாரச் சாணையில் வைத்துவிட்டான். எஃகு சூடேறி, வாய் முழுவதும் நீலம் பாய்ந்துவிட்டது. நீலம் பாய்ந்த எஃகில் கூர் நிற்காது.

2024 அக்டோபர் 12ஆம் தேதி, பாங்காக் வழியாக வந்த ஒருவர் கையில் அந்த அலகுகள் ஒரு கடிதத்தோடு வந்து சேர்ந்தன. மேலே பின்லாந்து மொழி, கீழே முரளிதரன் கையெழுத்தில் பர்மிய மொழியில் அதன் பொருள். சாந்தகுமாரிக்குத் தமிழைவிட பர்மிய எழுத்துதான் ஓட்டமாக வரும். அவளே படித்துச் சொன்னாள்.

"இவை 1969இல் என் கணவர் வாங்கிய துறப்பணத்தின் அலகுகள். செய்த கம்பெனி இப்போது இல்லை. மோட்டார் வைத்த துறப்பணத்தை என்னால் தூக்க முடியாது. உங்கள் தம்பி நல்ல மனதோடுதான் செய்தான். முடிந்தால் பாருங்கள். முடியாவிட்டால் இரும்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்."

அதன் கீழே தம்பி தன் பங்குக்கு ஒன்று எழுதியிருந்தான். போன குளிர்காலம் முழுவதும் அந்த அம்மாள் ஏரிக்குப் போகவில்லை, ஜன்னலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார், தன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை என்று.

"திட்டியிருந்தாக்கூட தேவலை மாமா" என்றாள் சாந்தகுமாரி. அன்றைக்கே தம்பியைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"ஏன்டா, தீட்டுற வீட்டுல சோறு தின்னு வளர்ந்தவன்தானே நீ? இரும்பை வடை சுடுற மாதிரி சுட்டு அனுப்பியிருக்கியே!"

"அக்கா, யூடியூபுல பார்த்துதான் செஞ்சேன்."

"அதுல அக்காவுக்குப் போன் போடுன்னு சொல்லலையா?"

சிரித்துவிட்டு அவன் போன குளிர்காலத்தில் எடுத்த ஓர் ஓடும் படத்தைத் தொலைபேசித் திரையில் காட்டினான். கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளை. அதன் நடுவே ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. "அடியில முப்பது அடி தண்ணி இருக்கு மாமா" என்றான். என் வயதில் வியப்பு எளிதில் வராது. ஆனாலும் அந்தப் படத்தை ஏழு முறை போடச் சொன்னேன். நம் டாலாப் படகுத்துறையில் ஆறு ஒருநாள் அசையாமல் நின்று, அதன் மேல் சைக்கார் மிதிவண்டிகள் அக்கரைக்கு ஓடுவதாக நினைத்துப் பார்த்தேன். நினைப்புக்குள் அது அடங்கவில்லை.

அலகுகளை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன். முரளிதரன் துறப்பணத்தின் அடித்தட்டை அளந்து அனுப்பியிருந்தான். அலகின் வாய் அந்தத் தட்டைத் தாண்டி 2.8 மில்லிமீட்டர் நீண்டிருந்தது. அது 1.0க்குக் கீழே போனால் அலகு ஐஸைத் தொடவே தொடாது. நீலம் பாய்ந்த பகுதியை எடுத்தாக வேண்டும். அதை அவள் இயந்திரமில்லாமல், தண்ணீர் ஊற்றி, கல்லில் கையால் தேய்த்து எடுத்தாள். பதினேழு நாள் ஆயிற்று, ஒவ்வோர் இழுப்பையும் நான் எழுதிவைத்தேன். மிச்சம் 1.4. பிழை செய்தால் திருத்திக்கொள்ள இருந்தது 0.4 மில்லிமீட்டர், நான்கு காகிதத் தாளின் கனம். அது போனால் அந்த அம்மாளுக்கு ஏரியும் போயிற்று.

அலகு மட்டும் இருந்தால் சோதிக்க முடியாது. பட்டறையில் என்னோடு இருந்த கடைசல்காரர் ரெங்கசாமி, பழைய தண்ணீர்க் குழாயிலும் தகட்டிலும் ஒரு துறப்பணம் செய்து தந்தார். அலகு உட்காரும் கோணம் இருபது பாகை. கோணமானியில் நானே பார்த்தேன்.

நவம்பர் 9. மார்க்கெட்டுக்குப் பின் சந்தில் ஐஸ் கிடங்கு வைத்திருப்பவர் கோ ஸோ என்ற பர்மியர். மின்சாரம் இல்லை, ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பாளத்தை உமியிலிருந்து இழுத்துப் போட்டார்கள். அலகின் கூர்மையைக் காட்ட, சாந்தகுமாரி அதை ரெங்கசாமியின் முன்கையில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தாள். மயிர் சுத்தமாக வழிந்து வந்தது.

"கல்யாணத்துக்கு இவகிட்டயே சவரம் பண்ணிக்கலாம் போலிருக்கே" என்றார் ரெங்கசாமி.

"எழுபத்தொரு வயசுல எந்தப் பொண்ணுண்ணே காத்திருக்கு?"

பிறகு அவர் துறப்பணத்தை நிறுத்திச் சுற்றினார். நான் எண்ணினேன். இருநூறு சுற்று. ஆழம் கால் அங்குலம். அலகு ஐஸின் மேல் தட்டு சுழல்வது போல வழுக்கிச் சுழன்றது. பாளத்தின் மேல் கண்ணாடி போல ஒரு வட்டம் மட்டும் பளபளத்தது.

கோ ஸோ குனிந்து பார்த்தார். "ஸயா, ஐஸுக்கு மெருகு போடவா வந்தீங்க? அதுக்குத் துணியே போதுமே" என்றார் பர்மிய மொழியில், ஐயா என்பதற்கு அவர்கள் சொல் ஸயா. வேலைக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சாந்தகுமாரி சிரிக்கவில்லை. மயிரை வழிக்கிற கூர், உருகிக்கொண்டிருக்கிற ஐஸை ஏன் வெட்டவில்லை? அவள் இருபத்துமூன்று வருஷத்துத் தொழிலில் இப்படி ஒன்று நடந்ததில்லை.

அன்று மாலை, இன்னும் கூர் வேண்டுமோ என்று அவள் கல்லை எடுத்தாள். நான் வேண்டாம் என்றேன். ஒவ்வோர் இழுப்புக்கும் இரும்பு குறைகிறது. எது தவறு என்று தெரியாமல் குறைக்கக் கூடாது. அவள் கல்லைக் கீழே வைத்துவிட்டாள். தீட்டாமல் அவள் கல்லைக் கீழே வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நவம்பர் 16. அவள் ஒரு சிவப்பு நகப்பூச்சு வாங்கி வந்திருந்தாள். அலகுகளின் அடிப்பக்கம் முழுவதும் பூசிக் காயவைத்தாள்.

"பொண்ணு பார்க்க வர்றாங்களா இதுகளை?" என்றார் ரெங்கசாமி.

"சுத்துங்கண்ணே. எங்க தேயுதுன்னு பார்க்கணும்."

மீண்டும் இருநூறு சுற்று. மீண்டும் கால் அங்குலம். அலகைக் கழற்றித் துடைத்துப் பார்த்தோம். அடிப்பக்கத்துச் சிவப்பு முழுவதும் அப்படியே இருந்தது. வாய்க்கு ஒட்டினாற்போல் ஒரே ஒரு கோட்டில் மட்டும் சிவப்பு போய் எஃகு மின்னியது. என் பூதக்கண்ணாடியில்தான் அது கோடாகத் தெரிந்தது. அவள் நகத்தை வைத்துப் பார்த்தாள். ஒருமுறை, மறுமுறை. முகம் மாறியது.

"மாமா, நான் கடைசியா என்னென்ன செஞ்சேன்னு எழுதினீங்கல்ல? படிங்க."

படித்தேன். "நவம்பர் 8, காலை ஒன்பது பத்து. முதல் அலகு. மேல் சரிவு, நடுத்தரக் கல், எண்பது இழுப்பு. மேல் சரிவு, மெல்லிய கல், நூற்றிருபது இழுப்பு. அடிப்பக்கம், தூக்கிப் பிடித்து, இரண்டு இழுப்பு."

"நிறுத்துங்க. அடிப்பக்கம் நான் தொடவே இல்லையே."

"இரண்டு என்று எழுதியிருக்கிறது."

"இல்ல மாமா. எனக்கு ஞாபகமே இல்ல."

"இரண்டாவது அலகுக்கும் இரண்டு. ஒன்பது ஐம்பதுக்கு."

அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், வேறு யாருடைய கையோ போல. காய்கறிக் கத்திக்கும் பாக்குவெட்டிக்கும் அந்த இரண்டு இழுப்பு நல்லது. துறப்பணத்தின் அலகு ஐஸின் மேல் இருபது பாகை சாய்ந்து ஓடுகிறது. வாய் மட்டும்தான் ஐஸைத் தொட வேண்டும், அடிப்பக்கம் வாய்க்குப் பின்னால் மேலே விலகியே போக வேண்டும். தூக்கிப் பிடித்து இழுத்த அந்த இரண்டு இழுப்பு, வாய்க்குப் பின்னால் ஒரு நூலிழைக் குதிகாலை உண்டாக்கியிருந்தது. குதிகால் ஐஸில் ஊன்றிக்கொண்டு வாயை இறங்கவிடவில்லை. எவ்வளவு கூராக இருந்தாலும் ஊன்றின கால் ஊன்றினதுதான்.

ஆயிரக்கணக்கான கத்திகளுக்குச் செய்து கை தானாகக் கற்றுக்கொண்ட நல்ல பழக்கம், அந்த அம்மாளுக்கும் ஏரிக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்தது ஒரு நகமும் ஆறாயிரம் கியாட் நகப்பூச்சும். அன்று வீட்டுக்குப் போகும்போது வழிநெடுக அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

குதிகாலைப் போக்க 0.3 மில்லிமீட்டர் எடுக்க வேண்டும். மிஞ்சுவது 1.1. இரண்டு அலகும் சமமாக இருக்க வேண்டும், ஒன்று நீண்டால் அது மட்டுமே வெட்டும். மெல்லிய கல் ஒன்றை மட்டும் வைத்து, ஐம்பது இழுப்புக்கு ஒருமுறை நான் அளந்து சொல்ல, அவள் தேய்த்தாள். அந்த நாட்களில் நானும் பத்து மணிக்கு எழுந்து போகவில்லை.

நவம்பர் 20ஆம் தேதி இரண்டாவது கடிதம் வந்தது. நாலே வரி. "ஏரி மூடிக்கொண்டது. இப்போது ஒன்பது சென்டிமீட்டர். நாய் நடக்கலாம், நான் நடக்கக் கூடாது. அவசரமில்லை." அவசரமில்லை என்ற சொல்லை சாந்தகுமாரி இரண்டு முறை படித்தாள். அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்கும் கடையைவிட்டு எழுந்து போகவில்லை, முக்காலியிலேயே மொஹிங்கா மீன் சூப்பைக் குடித்துவிட்டுக் கல்லுக்குத் திரும்பினாள்.

நவம்பர் 28ஆம் தேதி காலை பதினொன்று இருபதுக்கு வேலை முடிந்தது. முதல் அலகு 1.1, இரண்டாவது அலகு 1.1. பிசிறு மட்டும் மிச்சம். அவள் ஒரு தேக்குத் துண்டை எடுத்து அதன் வெட்டு முகத்தில் வாயை மெதுவாக இழுத்துப் பிசிறை எடுத்தாள். கல்லில் வைக்கவில்லை. அப்போது தன் கத்திக்காகக் காத்திருந்த மீன்காரி நூருன்னிசா எட்டிப் பார்த்தாள்.

"என்னா குமாரி, மறுபக்கம் ரெண்டு போடாம மடிக்கிறே? சீமைக்காரின்னா ஏமாத்தலாமா?"

அந்தச் சொல் கேட்டதும் சாந்தகுமாரியின் கை அலகைத் திருப்பிவிட்டது. நான் பார்த்தேன். திருப்பி, சற்றுத் தூக்கி, கல்லுக்கு ஒரு விரல் மேலே கொண்டுபோய்விட்டது. கை அங்கேயே நின்றது. மூன்று மூச்சு நேரம் இருக்கும். பிறகு இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து, அலகைத் துணிக்குள் வைத்தாள். நெற்றியில் பூசியிருந்த தனக்கா மரச் சாந்து வியர்வையில் கரைந்து புருவத்தில் இறங்கியிருந்தது.

"உன் கத்தியைக் குடு அக்கா. அதுக்கு நாலு போடுறேன்" என்றாள்.

நவம்பர் 30. கோ ஸோ காசை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். "மூணாவது மெருகா?" என்று கேட்டுவிட்டுப் பாளத்தைத் தள்ளினார். இந்த முறை சாந்தகுமாரி தானே துறப்பணத்தைப் பிடித்தாள். லோஞ்சிக் கைலியை இறுக்கிச் செருகிக்கொண்டு பிடியை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

முதல் சுற்றிலேயே சத்தம் வேறாக இருந்தது. வழுக்கும் சத்தம் இல்லை, கரும்பை நறுக்குகிற சத்தம். அலகின் பின்னாலிருந்து ஐஸ் சீவல் சீவலாகச் சுருண்டு ஏறியது. அவள் அழுத்தவே இல்லை, துறப்பணம் தன் எடையால் தானே இறங்கியது. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். வெயிலில் அந்தச் சீவல்கள் எங்கள் காலைச் சுற்றிக் குவிந்தன, பஞ்சு வெடித்தது போல. நாற்பத்தொன்றாவது சுற்றில் பிடி சட்டென்று இலேசாயிற்று. பாளத்தின் அடியில் தண்ணீர் கொட்டியது.

"அமலே!" என்றார் கோ ஸோ. மண்டியிட்டுத் துளைக்குள் பார்த்தார். ஆறு அங்குல வட்டம், மேலிருந்து கீழ்வரை ஒரே சீர். கையை உள்ளே விட்டுச் சுவரைத் தடவினார். பிறகு எழுந்து, வாங்கின 9,500ஐயும் என் சட்டைப்பையில் வைத்துவிட்டு, "ஸயா, மீன் எங்கே?" என்றார்.

எனக்குக் கண் கலங்கியிருந்தது. அது ஐஸின் குளிரால் என்றேன். சாந்தகுமாரி ஒரு கை சீவலை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

"அங்க இதைவிட கெட்டியா இருக்கும்ல மாமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எங்கள் பாளம் உருகிக்கொண்டிருந்த ஐஸ். அங்கே பூஜ்யத்துக்குக் கீழே இருபது பாகைக் குளிரில் இறுகின ஐஸ். இங்கே வெட்டியது அங்கே வெட்டும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

டிசம்பர் 3ஆம் தேதி பாங்காக் போகிற ஒருவரிடம் அலகுகளைக் கொடுத்தனுப்பினோம். பொட்டலத்தின் மேலே சாந்தகுமாரி பர்மிய மொழியில் எழுதினாள்: "அடிப்பக்கத்தை யாரும் தொடக் கூடாது. தம்பி, முக்கியமாக நீ." நாற்பத்தொரு சுற்று, பதினோரு அங்குலம் என்பதையும், இனி ஒருமுறை தீட்ட இரும்பு மிச்சமில்லை என்பதையும் நான் சேர்த்தேன்.

டிசம்பர் 27இல் போய்ச் சேர்ந்துவிட்டதாக முரளிதரன் சொன்னான். ஐஸை வெட்டியதா என்ற சேதி மட்டும் வரவில்லை. ஜனவரியில் ஐலா அம்மாளுக்கு நெஞ்சுச் சளி, வெளியே போகக் கூடாது என்றார்கள். தான் போய்ச் சோதித்துச் சொல்லட்டுமா என்று அவன் கேட்டான். "அவங்க சாமானை இன்னொரு தடவை தொட்டா கையை ஒடிச்சிடுவேன்" என்றாள் சாந்தகுமாரி. பிப்ரவரி முழுவதும் அவள் கத்திகளைத் தீட்டினாள், மறுபக்கம் இரண்டு இழுத்தாள், காசு வாங்கினாள். ஒவ்வொரு முறையும் அந்த இரண்டை இழுக்கும் முன் கை ஒரு கணம் நிற்கும். முன்பு அப்படி நின்றதில்லை.

பிறகு கடிதம் வந்தது. கடையில் வைத்து, நூருன்னிசாவும் கேட்க, சாந்தகுமாரி படித்தாள்.

"மார்ச் 1, சனிக்கிழமை, நானே போனேன். உங்கள் தம்பியைக் கரையில் நிற்கச் சொன்னேன். அறுபத்தெட்டு சென்டிமீட்டர் ஐஸ். யாங்கோனில் ஒருவர் சுற்றுகளை எண்ணுகிறார் என்று அவன் சொன்னதால் நானும் எண்ணினேன். தொண்ணூற்றேழு. நான் அழுத்தவில்லை, அதுவே இறங்கியது. தண்ணீர் மேலே வந்தபோது ஐஸில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று மீன். ஒன்றை உங்கள் தம்பி சாப்பிட்டான், மிகவும் உப்புப் போட்டான். இனி ஒருமுறை தீட்ட இரும்பு மிச்சமில்லை என்று எழுதியிருந்தீர்கள். பரவாயில்லை. எனக்கு ஏப்ரலில் எண்பத்தைந்து ஆகிறது. இந்தக் கூர் எனக்குப் போதும். அதனால் இனி அனுப்ப எதுவும் இருக்காது, எழுதவும் இருக்காது. உங்கள் கையை நான் பிடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்."

நான் கணக்குப் போட்டேன். பதினோரு அங்குலம் இருபத்தெட்டு சென்டிமீட்டர். எங்கள் கணக்கில் அறுபத்தெட்டுக்கு நூறு சுற்று வர வேண்டும். இறுகின ஐஸில், அந்த வயதில், நோயிலிருந்து எழுந்து, அந்த அம்மாள் மூன்று சுற்று குறைவாக முடித்திருந்தார். சாந்தகுமாரியிடம் சொன்னேன்.

"அப்போ அந்தக் கை என் கையைவிட நல்ல கை மாமா" என்றாள். கடிதத்தை நான்காக மடித்து, ஈரக் கையைத் துடைத்துவிட்டு, அடுத்த கத்தியை எடுத்தாள். தேதியை எழுதிக்கொள்ளுங்கள் என்று அவள்தான் சொன்னாள்.

கடைசிக் கடிதம் இன்சீன் வந்து சேர்ந்தது: 2025 மார்ச் 19, புதன்கிழமை.